பிழைத்த பிழை

என் சகலைக்கு முப்பது வருடமாக ஒரே வேலை: ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றில் பிழை வைப்பது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஆறு வயது இளையவன். அதனால் அவன் இவன் என்றுதான் எழுதுவேன், அதற்கெல்லாம் கோபப்பட மாட்டான். யாராவது காலை மிதித்தால்கூட எந்த விரலில் பட்டது என்று யோசித்துவிட்டுத்தான் வலிக்கிறது என்பான்.

அவன் இருப்பது லிப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற ஒரு கம்பெனியில். லிப்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தலையணை மாதிரி ஒரு விதிப்புத்தகம் உண்டு. கதவு திறந்திருந்தால் நகரக் கூடாது, எடை மீறினால் மணி அடிக்க வேண்டும், இப்படி. லிப்ட் செய்கிறவர்கள் அதை ஓட்டுகிற சாப்ட்வேரை எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். அது புத்தகத்தின்படி நடக்கிறதா என்று பார்க்க டெஸ்ட்டுகள் எழுத வேண்டும். சரி, எழுதியாயிற்று. அந்த டெஸ்ட்டே லட்சணமானதுதானா என்று யார் பார்ப்பது? அங்கேதான் இவன் வருவான். சரியாக ஓடுகிற சாப்ட்வேர் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே ஒரே ஒரு பிழை வைப்பான். 'அறுநூறு கிலோவுக்கு மேல்' என்று இருப்பதை 'அறுநூறு கிலோவிலிருந்து' என்று மாற்றுவான், அவ்வளவுதான். பிறகு டெஸ்ட்டுகளை ஓடவிடுவான். ஏதாவது ஒரு டெஸ்ட் கத்தினால் பிழை செத்தது. ஒன்றுமே கத்தாவிட்டால் பிழை பிழைத்துவிட்டது என்று அவர்கள் ஆபீசில் சொல்வார்கள். அப்படியென்றால் டெஸ்ட் உதவாக்கரை.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறதுக்கு மாசச் சம்பளமா?" என்று ஒருமுறை கேட்டேன். "பிழை வச்சுப் பிழைக்கிறவன்டா நீ."

அவன் என் கடைச் சுவரைக் காட்டினான். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சுவரில் எழுத்துப் பலகை தொங்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து.

"கடைசி வரிய மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்க இருக்காங்களா அண்ணா?"

"பாதிப் பேர் அப்படித்தான். லைசென்ஸ் வேணும்ல?"

"அப்ப இந்தப் பலகை கண்ணைச் சோதிக்குதா, மனப்பாடத்தைச் சோதிக்குதா? கண்ணு தெரியாத ஒருத்தரைக் கொண்டாந்து நிறுத்துங்க. அவர் பாஸ் ஆனா கோளாறு பலகையில. நான் ஆபீஸ்ல தினம் அப்படி ஒருத்தரைக் கொண்டாந்து நிறுத்துறேன். அவ்வளவுதான் என் வேலை."

மறுநாளே நான் இரண்டாவது பலகை ஒன்று வாங்கி மாட்டினேன். அவனிடம் சொல்லவில்லை, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பிழை வைப்பது அல்ல, சிக்கனம். அவன் சேர்ந்த காலத்தில் ஒரு லிப்ட்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம் டெஸ்ட், ஓடி முடிக்கப் பதினோரு நாள். ஒரு பிழையை நாற்பது டெஸ்ட் பிடிக்கும், இன்னொன்றை ஒன்றுகூடப் பிடிக்காது. இவன் உட்கார்ந்து, என்னென்ன பிழை வர வாய்ப்பு உண்டு என்று பட்டியல் போட்டு, அத்தனையையும் பிடிக்கிற மாதிரி மிகக் குறைவாகப் பொறுக்கி இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தான். ஒரு பகலில் முடிந்துவிடும். "பட்டியல்தான் அண்ணா எல்லாம். நாம கற்பனை பண்ணாத பிழையை எந்த டெஸ்ட்டும் பிடிக்காது" என்பான்.

இன்னொரு சட்டமும் உண்டு. வைத்த பிழையை எடுத்துவிட்டுத்தான் அடுத்ததை வைக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு. இடது பக்கம் வைத்தது, வலது பக்கம் எடுத்தது. சாயங்காலம் வலது பக்கம் நிரம்பாமல் அவன் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் யார் தெரியுமா? பள்ளிப் பாடப்புத்தகங்கள் அச்சடிக்கிற அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வைக்கிறவனுக்கும் எடுக்கிறவளுக்கும் கல்யாணம். என் கொழுந்தியாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் உலகத்தையே பார்ப்பாள். மருந்துச் சீட்டு, பஸ் போர்டு, இரங்கல் போஸ்டர், எதையும் விடமாட்டாள். நாமெல்லாம் தப்பு என்போம், அவளுக்கு அச்சகப் பழக்கம், பிழை என்றுதான் வாயில் வரும். "குற்றம் பார்க்கின் சுற்றமில்லைடி" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். "பார்க்கலைன்னா புத்தகமில்லைக்கா" என்பாள் இவள். என் கடைப் பலகையில் பெயின்டர் 'மூக்குகண்ணாடி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். அவள் வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அண்ணாந்து பார்த்து, "அத்தான், இன்னும் அந்த 'க்' வரலையா?" என்பாள். பதினெட்டு வருடம் கேட்டாள். அவள் கேட்கட்டும் என்றேதான் நான் அதை மாற்றவில்லை.

நாலு வருடத்துக்கு முன் என் மனைவி போய்விட்டாள். சிறுநீரகம். கடைசி மூன்று வாரமும் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தவள் அவள் தங்கைதான். கண்ணை மூடிவிட்டதும் அவள் கைதான். எங்கள் இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் கிடையாது. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேர்தான் சுற்றம்.

போன வருடம் ஒரு பாடப்புத்தகத்தில் ஒரே பத்தி இரண்டு முறை அச்சாகிவிட்டது. கொழுந்தியாள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம். அச்சகத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்கள், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று. அவள் வீட்டுக்கு வந்து சிவப்புப் பேனாவை மேஜை இழுப்பறையில் போட்டாள். சகலை மறுநாள் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் ஒரு தாளை எடுத்து வைத்துக் கேள்வி கேட்டார். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு கடிகாரம் வரையுங்கள். நாற்காலி, குதிரை, சாவி, இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு பிறகு சொல்லுங்கள். முப்பதுக்கு இருபத்தெட்டு. "வயசானா இதெல்லாம் சகஜம்" என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து மறுபடி போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் இவன் காதில், "நாற்காலி, குதிரை, சாவி" என்று சொல்லிச் சிரித்தாளாம். உள்ளே இருபத்தொன்பது.

"பலகையை மனப்பாடம் பண்ணிட்டா அண்ணா" என்றான் என்னிடம்.

அவனுக்கு வேண்டியது ஒரு கடிதம். பெரிய ஆஸ்பத்திரியில் நினைவுக் கோளாறுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆரம்பத்திலேயே வந்தால் மாத்திரை கொடுத்துக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். முற்றிப்போய் வந்தால் அவர்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்த டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். இருபத்தொன்பது வாங்கியவளுக்கு அவர் எப்படி எழுதுவார்?

"சில பிழை எந்த டெஸ்ட்லயும் மாட்டாது" என்று ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னான். "ஏன்னா அது எதையும் மாத்தாது. பார்க்கப் பிழை மாதிரி இருக்கும், ஆனா லிப்ட் அதே மாதிரிதான் ஓடும். இதுவும் அந்த வகையா இருந்தா நல்லா இருக்கும்." பிரேமுக்குள் திருகாணி போட்டுக்கொண்டிருந்த நான் அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

பிறகு அவன் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தான். புது நோட்டு வாங்கினான். அவளுக்குள் என்னென்ன கெட்டுப்போயிருக்கலாம் என்று பட்டியல் போட்டான். அறுபத்து மூன்று வந்தது. அதைக் குறைத்து ஏழுக்குக் கொண்டுவந்தான். ஏழே ஏழு பிழைகளை வீட்டில் வைத்தால் போதும், அவள் எதைப் பிடிக்கிறாள், எதை விடுகிறாள் என்பதிலிருந்து எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். டாக்டர் மாதிரி கேள்வி கேட்டால் உஷாராகிவிடுவாள். பிழை திருத்துகிறவளுக்குப் பிழையைத்தான் காட்ட வேண்டும்.

கரண்டிகளைத் துணி அலமாரியில் வைத்தான். பிடித்தாள், திட்டினாள். நாட்காட்டியைப் போன மாதத்திலேயே விட்டான். விட்டுவிட்டாள். நாங்கள் நாலு பேரும் ஒருமுறை மழையில் மாட்டிக்கொண்ட கதையை, இடத்தை மாற்றிச் சொன்னான். தலையாட்டிக்கொண்டு கேட்டாள். ஒவ்வொன்றையும் அன்றைக்கே எடுத்துவிட்டான். வலது பக்கம் ஒழுங்காக நிரம்பிக்கொண்டு வந்தது.

எனக்கு இது தெரிந்தபோது பற்றிக்கொண்டு வந்தது. "பொண்டாட்டிய லிப்ட்டாக்கிட்டியா? அறிவிருக்கா உனக்கு? கிட்ட உட்கார்ந்து பேசுறதை விட்டுட்டு, ஒளிஞ்சு நின்னு பார்க்குறியே."

"பேசினா நல்லாத்தான் பேசுவா அண்ணா. அதான் பயமா இருக்கு."

அந்த வாரமே அவள் என் கடைக்கு வந்தாள். வாசலில் நின்றாள். பலகையை அண்ணாந்து பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "சாப்பிட்டீங்களா அத்தான்?" என்றாள். நான் காத்திருந்தேன். கடைசிவரை அந்த 'க்' வரவேயில்லை. அன்று சாயங்காலம் சகலைக்குப் போன் செய்து, "நீ சொல்றது சரிதான்டா" என்றேன்.

மறதி அந்த 'க்'கோடு நிற்கும் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த புதன்கிழமை மத்தியானம், ஒருவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அத்தான், நாளைக்கு அக்காவ நீங்க கொண்டாந்து விடுறீங்களா, இல்ல அவளே வந்துடுவாளா?"

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தனை அக்கா?" என்று சிரித்தாள். "போன் பண்ணிச் சொன்னாளாமே, வியாழக்கிழமை வர்றேன்னு. இவரு சொன்னாரு."

சட்டத்தை அந்த ஆளின் மூக்கிலிருந்து கழற்றி, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிக் கடையைப் பூட்டினேன்.

அவர்கள் வீட்டில் உள்ளறைக் கட்டிலுக்கு அவள் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள், அக்காவுக்காக. சகலை கூடத்தில் உட்கார்ந்திருந்தான். முன்னால் அந்த நோட்டு திறந்திருந்தது.

"என் பொண்டாட்டிதான் கிடைச்சாளா உனக்கு?" என்றேன். கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டதில் தாடை வலித்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. "மத்த ஆறையும் டாக்டர்கிட்ட காட்டினேன் அண்ணா. எல்லாமே சகஜம்னாரு. சகஜம்னு சொல்ல முடியாத ஒண்ணு வேணும்னு தோணுச்சு. 'உளறாதீங்க, அக்கா செத்து நாலு வருஷம் ஆச்சு'ன்னு திட்டுவான்னுதான் நினைச்சேன். சத்தியமா திட்டுவான்னு நினைச்சேன்."

"திட்டலையா?"

"சந்தோஷப்பட்டா."

"அப்ப எடுத்துத் தொலைய வேண்டியதுதானே? அதுதானே உன் சட்டம்?"

"எடுத்தேன் அண்ணா. மூணு தடவ எடுத்தேன்." அப்போதுதான் முதல்தடவையாக அவன் குரல் உடைந்தது. "அன்னைக்கே சொன்னேன், அக்கா இல்லம்மான்னு. முதல்தடவ கேக்குற மாதிரி கேட்டா. சுவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதா. மறுநாள் காலையில எந்திரிச்சு, அக்கா எத்தனை மணிக்கு வருவாங்கிறா. செத்தது நிக்கல, வர்றேன்னு சொன்னது நிக்குது. திரும்பச் சொன்னேன், திரும்ப அழுதா. மூணாவது நாளும். ஒவ்வொரு தடவையும் உங்க பொண்டாட்டி புதுசா சாகுறாங்க அண்ணா. நாலாவது நாள் என்னால முடியல."

நான் உட்கார்ந்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று வாய் வரை வந்தது. நோட்டில் கடைசி வரிக்கு எதிரே வலது பக்கம் மூன்று முறை தேதி எழுதி மூன்று முறையும் அடிக்கப்பட்டிருந்தது.

"லிப்ட்டுன்னா மூலப்படி ஒண்ணு தனியா இருக்கும்" என்றான். "எவ்வளவு கெடுத்தாலும் அதை எடுத்து மேல போட்டா பழைய மாதிரி ஆயிடும். இவளுக்கு மூலப்படி எங்க இருக்கு? வச்ச பிழை வேர் விடும்கிறது என் பட்டியல்லயே இல்ல."

ஒன்று மட்டும் நடந்தது. டாக்டர் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு, கடிதம் எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். தலையைப் படம் எடுத்தார்கள், இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் நல்லவர். நோட்டு முழுவதையும் பொறுமையாகப் புரட்டினார். "இவ்வளவு துல்லியமா வீட்ல யாரும் கவனிச்சு நான் பார்த்ததில்ல" என்றார். பிறகு படத்தை வெளிச்சத்தில் காட்டினார். மாத்திரைக்கான கட்டம் தாண்டிவிட்டதாம். முதல்தடவை இருபத்தெட்டு வாங்கினாளே, அன்றைக்கு வந்திருந்தால் முயற்சி செய்திருக்கலாமாம்.

"கண்டுபிடிச்சது சரிதானே டாக்டர்?" என்று சகலை கேட்டான். அவர் சரிதான் என்றார். அவன் தலையாட்டினான். முப்பது வருடத்தில் அவன் செய்த மிகச் சுருக்கமான, மிகச் சரியான வேலை அதுதான். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெளியே வந்து லிப்ட்டுக்காக நின்றோம். கதவு திறந்தது, அவன் ஏறவில்லை. மூன்று மாடியும் படியில் இறங்கினோம், அவள் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு.

அதன் பிறகு அவன் வேலையை விட்டுவிட்டான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் கடையை மத்தியானமே மூடிவிட்டு அங்கே போகிறேன். அவனால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. அவள் தலை வாரி, நல்ல சேலை கட்டி, கூடத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சகலையின் பெயர்கூடச் சில நாள் வராது, ஆனால் வியாழக்கிழமை வந்துவிடும். நாட்காட்டி பார்க்காமலே எப்படித் தெரிகிறதோ. "அக்கா எங்க அத்தான்?" என்பாள். முதல் வாரம் பஸ் கிடைக்கவில்லை என்றேன். அடுத்த வாரம் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் வீட்டில் ஆள் வந்திருக்கிறார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது என்று என் மனைவி சொல்வாள். இப்போது நன்றாக வருகிறது. சில நாள் நான் சொல்லச் சொல்ல, என் மனைவி உண்மையிலேயே வீட்டில் யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருப்பதாக எனக்கே தோன்றிவிடுகிறது. வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்த பிறகுதான் அது போகிறது.

போன வியாழக்கிழமை நான் பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவள் கேட்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டாள்.

"அத்தான், அக்காவுக்கு என் மேல கோவமா?"

"சேச்சே. என்ன கோவம்?"

"பின்ன ஏன் வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு வரமாட்டேங்கிறா? நான் என்ன பிழை பண்ணேன்?" கண் நிறைந்துவிட்டது. "என்னன்னு சொல்லச் சொல்லுங்க. திருத்திக்கிறேன்."

நான் சகலையைப் பார்த்தேன். அவன் எழுந்து சமையலறைக்குப் போனான், அடுப்பை அணைக்க. அடுப்பு எரியவில்லை. அவன் திருகியை மறுபடியும் மறுபடியும் திருகுகிற சத்தம் கேட்டது.

"நீ ஒரு பிழையும் பண்ணலம்மா" என்றேன். "அடுத்த வியாழக்கிழமை கண்டிப்பா வருவா."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

சரி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் நான் சொல்கிற ஒரு வார்த்தையைக்கூட அவள் திருத்தாமல் விட்டதில்லை.